பார்வை விலங்கும் குயிலின் முட்டையும்

வேட்டைக்குச் செல்வோர் தாம் பழக்கிய மானொன்றைக் காட்டின் புறத்தே கட்டிவைத்து, அதனைத் தன் இனமெனக் கருதி அணுகும் காட்டுமானைப் பிடிப்பது பண்டைத் தமிழகத்து வழக்கம். இவ்வாறு கட்டிவைக்கப்படும் விலங்கினைப் பழந்தமிழர் ‘பார்வை’ என வழங்கினர். புறநானூற்றிலும் இச்சொல் இப்பொருளிலே வருகின்றது. கண்ணாற் காண்பதும் பார்வை. காண்பாரை ஈர்ப்பதற்கென வைத்த போலியும் பார்வை. ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது தற்செயலோ, வேட்டுவரின் பட்டறிவோ, சொல்லாராய்ச்சி வல்லார் கூறட்டும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதனினும் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கணினி வலையமைப்புக்களுள் அயலார் புகுவதைக் கண்டறிதல் ஒரு கலை. புகுவோரை ஈர்த்து நிறுத்துவதற்குப் போலிப் பொருள்களை வைத்தல் மற்றொரு கலை. மேனாட்டார் இவற்றை வேறு வேறு பெயரால் வழங்குவர். பின்னதற்குத் ‘தேன்குடம்’ என்று பொருள்படும் பெயரை இட்டுள்ளனர். ஆயினும், இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதனை உலகறியக் காட்டியவர் கணினிக் காவலிற் பயிற்சி பெற்றவர் அல்லர். அவர் ஒரு வானியலார்.

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பேர்க்கிலி நகரின் மலைச்சரிவிலே லோரன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடம் அமைந்திருக்கின்றது. அங்கே கெக் என்னும் பெருந்தொலைநோக்கியின் அமைப்பு வேலையிலே ஈடுபட்டிருந்த கிளிபர்ட் ஸ்டோல் என்பாருக்குரிய ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோயிற்று. அவரை வேலையினின்று நீக்க மனமில்லாத ஆய்வுகூடத்தார் கீழ்த்தளத்திலுள்ள கணினிப் பகுதிக்கு அவரை அனுப்பினர். புதிதாய் வந்தவருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமன்றோ? கணக்கிலே 75 சதம் இடிக்கின்றது, அதன் காரணத்தைக் கண்டுபிடியும் என்று கூறினர்.

அந்நாளில் கணினியின் நேரம் விலையுயர்ந்த பண்டம். ஆய்வாளர் ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்திய நேரத்திற்குப் பணம் செலுத்தினர். அந்நேரத்தைக் கணக்கிட இரு வேறு நிரல்கள் இயங்கின. ஒன்று கணினியோடு வந்த நிரல்; மற்றையது ஆய்வுகூடத்து மாணவர் சிலர் எழுதிவைத்தது. இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை; வேறுபாடு 75 சதம். பெருந்தொகை ஒன்று குறைந்திருக்குமாயின் காரணம் எளிதில் வெளிப்பட்டிருக்கும். மிகச் சிறு தொகை குறைந்தமையாலேயே ஸ்டோல் அதனைப் பொருட்படுத்தினார். விண்மீனின் இருப்பிடத்தில் மயிரிழை வேறுபாடு கண்டாலும் உறங்காத இனம் வானியலார் இனம்.

கணக்கேட்டைத் துருவியபோது, பணம் செலுத்தும் முகவரி எதுவுமில்லாத ஒரு பயனர் பெயர் காணப்பட்டது. அப்பெயரை யாரும் முறைப்படி பதிந்திலர். அதனை நீக்கினர். சின்னாளிலே, இந்த ஆய்வுகூடத்திலிருந்து எவனோ தமது கணினியுட் புக முயன்றான் என மற்றோரிடத்திலிருந்து முறைப்பாடு வந்தது. அவ்வேளையில் உள்ளே இருந்தவராகக் கணக்கேடு காட்டிய பெயர், இங்கிலாந்திற்குச் சென்றுவிட்ட ஓர் அறிஞருடையது. கடல்கடந்து போனவர் பெயரால் எவனோ உள்ளே நடமாடுகின்றான் என்பது தெளிவாயிற்று.

அவன் புகுந்த வழி அறியத்தக்கது. அக்கணினியில் எழுதுவதற்குதவும் ஒரு நிரற்றொகுதி இருந்தது. அதன் ஒரு பகுதி அஞ்சலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துவது. அச்சிறு பகுதிக்கு வேண்டியதற்கு மேற்பட்ட அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. எந்தக் கோப்பினையும் எவ்விடத்திற்கும், கணினியின் உட்கருவிற்கும்கூட, அது நகர்த்தவல்லதாய் இருந்தது. மேலும், ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தானே விழித்து வீட்டுவேலை செய்யும் நிரல் ஒன்றும் அக்கணினியில் உண்டு. வந்தவன் தான் எழுதிய போலி நிரலை அதன் இடத்திலே நகர்த்தி வைத்தான். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தான். கணினி அதனைத் தன் நிரலென்றே எண்ணி முழு அதிகாரத்தோடும் இயக்கிற்று. அக்கணமே அவன் அக்கணினியின் தலைவனானான். பின்னர் போலியை எடுத்துவிட்டு மூல நிரலை இருந்தபடியே வைத்துவிட்டான்.

காக்கையின் கூட்டிலே குயில் முட்டையிடுவதும், தன் முட்டையென்றெண்ணிக் காக்கை அதனை அடைகாப்பதும் நம் வீட்டு மாமரங்களிலே நாம் அறிந்த செய்தி. மேனாட்டுக் குயிலும் அத்தன்மையதே. அது பிற சிறு பறவைகளின் கூட்டை நாடும். ஸ்டோல் 1989இல் இவ்வரலாற்றை நூலாக எழுதியபோது அதற்குக் ‘குயிலின் முட்டை’ என்று பெயரிட்டமைக்குக் காரணம் இதுவே.

புகுந்தவனைக் கண்டதும் வாயிலை அடைப்பதே வழக்கம். அவ்வாறு அடைத்திருந்தால் இக்கதை ஒரு நாளில் முடிந்திருக்கும். வந்தவன் வேறொரு வாயிலைத் தேடியிருப்பான். அவன் யார், எவ்வளவு காலம் உள்ளே இருந்தான், எவற்றைக் கண்டான் என்பன என்றும் தெரியாமற் போயிருக்கும். ஸ்டோலும் அவருடைய மேலோரும் அவனை உள்ளே விட்டுப் பார்த்திருக்கத் துணிந்தனர். மூன்று வாரம் தவணை கொடுக்கப்பட்டது. அந்த மூன்று வாரம் ஏறக்குறையப் பத்து மாதமாய் நீண்டது.

பார்ப்பது எவ்வாறு? கணினியினுள்ளேயே ஒரு கண்காணிப்பு நிரலை வைத்தால், கணினியின் தலைவனாகிவிட்டவன் அதனைக் கண்டுகொள்வான். ஸ்டோல் செய்தது இயற்பியலாரின் செயல். ஒரு வார இறுதியில், வீட்டுக்குப் போய்விட்ட நண்பர்களின் மேசைகளிலிருந்து ஏறத்தாழ 50 தொலையச்சுப் பொறிகளையும் முனையங்களையும் சுமந்து வந்து, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசிக் கம்பியிலும் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் புறத்தே பொருத்தினார். கம்பியிற் செல்லும் எழுத்தெல்லாம் தாளிலும் பதிந்தன. கணினிக்கு அது தெரியாது. ஆகவே கணினியை ஆட்கொண்டவனுக்கும் தெரியாது. அவற்றின் நடுவே மேசைக்கடியிற் படுத்துறங்கினார். பொழுது விடிந்தபோது ஒரு பொறியினின்று ஏறக்குறைய 80 அடி நீளத் தாள் தரையிலே வழிந்து கிடந்தது. வந்தவன் தட்டிய எழுத்து ஒவ்வொன்றும் அதிலிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அத்தாளோடு ஸ்டோல் நிற்கவில்லை. நாள்தோறும் நேரம், செயல், தொலைபேசியிற் பேசியோர், தமது ஊகம் ஆகியவற்றைக் கையெழுத்திலே ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தார். எழுதாதது நிகழாததற்குச் சமம் என்பது ஆய்வுகூட வழக்கு. பிற்காலத்தில் பிறர் ஐயுற்று வினவியபோதெல்லாம் அக்குறிப்பேடே விடையளித்தது.

தாளிற் பதிந்தவற்றைப் படித்தபோது செய்தி பெரிதாயிற்று. வந்தவனுக்குப் பேர்க்கிலி ஆய்வுகூடம் வெறுந் திண்ணை. அங்கிருந்துகொண்டு அமெரிக்கப் படையினரின் வலையமைப்பிலுள்ள கணினிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். 450க்கு மேற்பட்ட கணினிகளைத் தட்டினான். 30க்கு மேற்பட்டவற்றுட் புகுந்தான். புகுந்தவற்றுட் பெரும்பாலானவை நிறுவனத்தார் இயல்பாகக் கொடுத்தனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டவை. பூட்டோடு சாவியையும் தொங்கவிட்டிருந்தனர் என்க. உள்ளே சென்று ‘அணு’, ‘எஸ்.டி.ஐ.’ முதலிய சொற்களைத் தேடினான். எஸ்.டி.ஐ. என்பது, வரும் ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கவென அமெரிக்கா 1983இல் அறிவித்த பாதுகாப்புத் திட்டம்.

உள்ளே விட்டுப் பார்த்திருத்தல் சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. அவன் பிறர் கணினிகளைச் சூறையாடுவதைக் கண்முன் கண்டுகொண்டு வாளாவிருத்தல் எவ்வாறு அறமாகும்? ஸ்டோல் அவ்வக் கணினிகளுக்குரியோரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். அவன் முக்கியமான கோப்பொன்றைக் கவரத் தொடங்குவானாயின், தமது சாவிக்கொத்தைக் கம்பிகளின் முனையிலே உரசிக் கொடுப்பார். தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் எழுந்து எழுத்துக்கள் சிதைந்துபோகும். வந்தவன் கம்பி பழுதென்றெண்ணி மீண்டும் மீண்டும் முயன்று சலித்துப்போவான். மின்னணுப் பாதுகாப்பின் வரலாற்றிலே ஒரு சாவிக்கொத்துக்கு இடமுண்டு என்பதை எண்ண எனக்கு நகைப்பும் வியப்பும் ஒருங்கே உண்டாகின்றன.

ஆயினும் நகைப்பிற்கிடமில்லாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. ஒருமுறை அவன் நுழைந்த கணினி, அவ்வேளையில் மருத்துவச் சோதனை ஒன்றிற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. உரிய காலத்தில் அதனைக் காணாதிருப்பின் ஒரு நோயாளி பெருந்தீங்கு அடைந்திருக்கக்கூடும் என்று ஸ்டோல் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலே எழுதியுள்ளார். வலைவிரித்துக் காத்திருக்கும் வேட்டுவன் பிறர் ஆட்டு மந்தையின் நடுவே வலைவிரிக்கின்றான் என்பதை இத்தொழிலைப் புகழ்வோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

வந்தவன் இருக்குமிடத்தைத் தேடிய வரலாறு தனியே ஒரு பேச்சுக்குரியது; சுருங்கச் சொல்வேன். அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர், இழப்பு 75 சதம் என்று கேட்டதும் ஆர்வமிழந்தனர். கம்பியின் தடம் வேர்ஜினியா மாநிலத்திற்குச் சென்றது. கலிபோர்னிய நீதிமன்றத்தின் கட்டளை அங்கே செல்லாது என்று தொலைபேசியார் கைவிரித்தனர். வானியலாருக்கோ வேறு கருவியொன்று உண்டு. வந்தவன் வழக்கமாகத் தோன்றுவது கலிபோர்னியாவிலே நண்பகல். திருடன் நள்ளிரவை விட்டு நண்பகலில் ஏன் வரவேண்டும்? அவன் ஊரில் அது இரவாயிருக்க வேண்டும். மேலும், அனுப்பிய செய்திக்கு மறுமொழி வரும் கால இடைவெளியை அளந்து, அவன் பல்லாயிரம் மைலுக்கப்பால் இருக்கின்றான் என்றும் ஸ்டோல் கணித்தார். முடிவில் தடம் அத்திலாந்திக்கைக் கடந்து மேற்கு ஜேர்மனியிலே பிரேமன் பல்கலைக்கழகத்தையும், அங்கிருந்து ஹனோவர் நகரையும் அடைந்தது.

ஹனோவரிலே தேடல் முட்டுப்பட்டது. அந்நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் இருந்தவை பழைய பொறிகள். ஓர் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகின்றது என்று அறிய வேண்டுமாயின், அலுவலர் ஒருவர் வரிசை வரிசையாக நிற்கும் பொறிகளினிடையே நடந்து, கம்பியைக் கண்ணாற் பின்பற்றிச் செல்ல வேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலத்திற்கு மேல் வேண்டும். வந்தவனோ சில நிமிடங்களிலே எட்டிப்பார்த்துப் போய்விடுவான். பார்த்திருத்தல் மட்டும் இனிப் பயனில்லை. அவனை இருத்தி வைக்க வேண்டும்.

இவ்விடத்திலேதான் பார்வை விலங்கு வருகின்றது. 1987 ஜனவரியில் ஸ்டோலும் அவருடைய துணைவியாராக விளங்கிய சட்ட மாணவியும் ஒரு சூழ்ச்சி செய்தனர். ஏவுகணைத் திட்டத்திற்கென ஒரு புதிய வலையமைப்பு பேர்க்கிலியிலே அமைக்கப்படுவதாகவும், அதற்கொரு அலுவலகமும் ஒரு செயலாளரும் இருப்பதாகவும் ஒரு பொய்யுலகைப் படைத்தனர். அப்பொய்க்கு வேண்டிய கோப்புக்கள் எங்கிருந்து வந்தன? ஆய்வுகூடத்தில் மலிந்து கிடந்த அலுவலகக் கடிதங்களை எடுத்து, ‘பேராசிரியர்’ என வருமிடத்திலே ‘தளபதி’ எனவும், மற்றும் இவ்வாறே பிற சொற்களையும் மாற்றினார் ஸ்டோல். அரசாங்கக் கடிதத்தின் நடை எங்கும் ஒன்றே. ஆள் மாறினாலும் சுவையின்மை மாறாது. ஆதலின் அவை மெய்யெனவே தோன்றின.

இச்சூழ்ச்சியின் நுட்பம் பொய்யின் அழகில் இல்லை. அக்கோப்புக்களைப் படிக்கும் உரிமை அப்பொய் அலுவலகத்தின் பெயருக்கும் கணினி மேலாளருக்கும் மட்டுமே உண்டு. நேர்மையான எவர்க்கும் அங்கே வேலையில்லை. அப்படியிருக்க, அவற்றைத் தொட்ட கை எதுவாயினும் அது கள்வனின் கை. தொட்டதும் மணி ஒலிக்கும்படி ஸ்டோல் அமைத்துவைத்தார்.

வந்தவன் தொட்டான். பக்கம் பக்கமாகப் படித்தான். நிமிடக் கணக்கில் இருந்தவன் ஒரு மணித்தியாலத்திற்கு மேல் இருந்தான். ஹனோவரிலே அலுவலர் கம்பியைப் பின்பற்றி நடந்து அவனுடைய தொலைபேசியை அடைந்தார்.

கோப்புக்களினிடையே ஒரு சிறு தூண்டிலும் இருந்தது. மேலும் ஆவணங்கள் வேண்டுவோர் இன்ன முகவரிக்கு அஞ்சலில் எழுதுக என்னும் அறிவித்தல் அது. ஏப்பிரல் மாத முடிவில், அந்த இல்லாத அலுவலகத்திற்குப் பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து முத்திரையொட்டிய மெய்யான கடிதமொன்று வந்து சேர்ந்தது! ஹனோவரில் ஒருவன் இரகசியமாகப் படித்தது, மூன்று மாதத்தில் அமெரிக்காவின் மற்றொரு நகரத்திலிருந்து விண்ணப்பமாய்த் திரும்பியது. இது வீட்டிலிருந்து விளையாடும் ஓர் இளைஞனின் குறும்பன்று, இதன் பின்னே ஒற்றர் தொடர்பு உண்டு என்பதற்கு அதனைவிட வேறென்ன சான்று வேண்டும்?

புகுந்தவனின் பெயர் மார்க்குஸ் ஹெஸ். அவனும் அவன் கூட்டாளிகளும் தாம் கவர்ந்தவற்றைக் கிழக்குப் பேர்லினிலே சோவியத்து ஒற்றர் துறையான கே.ஜி.பி.க்கு விற்றுவந்தனர். 1987இல் அவனுடைய வீட்டில் நடந்த சோதனை வழக்காய் முற்றவில்லை; 1989 மார்ச்சில் குழுவினர் பிடிபட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அவர்களுடன் தொடர்புற்றிருந்த இளைஞனொருவன் காட்டிலே எரியுண்டு இறந்தான். 1990இல் செல்லே நகரத்து நீதிமன்றம் மூவருக்குச் சிறைத்தண்டனை விதித்து, அதனை நிறைவேற்றாது நிறுத்தியும் வைத்தது. அவர்கள் விற்ற செய்திகளால் சோவியத்து நாடு பெரும் பயன் அடையவில்லை என்பதே நீதிமன்றத்தின் கருத்து.

நேயர்காள், இவ்வரலாற்றின் முதற்பாதி கண்டறிதல், மறுபாதி போலி. இவற்றுள் முதலாவதற்கு அக்காலத்திலேயே ஓர் அறிவுத்துறை உருவாகிக்கொண்டிருந்தது. 1980இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்பார் அமெரிக்க விமானப் படைக்காக ஓர் அறிக்கை எழுதினார். கணினிகள் தாமாகவே எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்புக்களை ஆராய்ந்தால் தகாத செயலைக் கண்டறியலாம் என்பது அதன் கருத்து. வெளியிலிருந்து வருவோன், உள்ளேயிருந்துகொண்டு பிறர் வேடம் பூணுவோன், தனக்குள்ள உரிமையையே தீயவழியிற் பயன்படுத்துவோன் என்று பகைவரை அவர் வகைப்படுத்தினார். இவர்களுள் இறுதியில் நின்றவனே கண்டறிதற்கு மிக அரியவன்.

பின்னர், கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் டொரதி டெனிங் அம்மையார் பீற்றர் நொய்மன் என்பாருடன் இக்கருத்தை வளர்த்தார். ஒவ்வொரு பயனரும் எந்நேரத்தில் வருவார், எந்நிரலை இயக்குவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்னும் இயல்பினைக் கணினியே கற்றுக்கொண்டு, அவ்வியல்பினின்று விலகுவதைக் குற்றக்குறியாகக் கொள்ளலாம் என அம்மையார் காட்டினார். அவருடைய கட்டுரை 1987இல் ஆய்விதழொன்றிலே வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் ஸ்டோல் தமது பொய்க்கோப்புக்களைப் பரப்பிக் காத்திருந்தார். கள்வனை அவனது கைரேகையால் அறிவது ஒரு வழி. வழக்கத்திற்கு மாறாக நாய் குரைப்பதால் அறிவது மற்றொரு வழி. அம்மையாருடையது பின்னது.

சிறிய இடறலே பெரிய கள்வனைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்றொன்றும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குட் புகுந்தோர், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்புமாறு போலிக் கட்டளைகள் விடுத்தனர். அவற்றுள் 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள அமைப்பொன்றின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரில் ஒரு சொல் எழுத்துப்பிழையோடு இருந்தமை இடையிலிருந்த வங்கியில் ஐயத்தை விளைவிக்க, அத்தொகை காப்பாற்றப்பட்டது. பிழையின்றி எழுதப்பட்ட கட்டளைகளின்படி பிலிப்பைன்சுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டொலரிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளினூடே மறைந்தது.

ஆனால், எழுத்துப்பிழைகளெல்லாம் கள்வரைக் காட்டுவனவல்ல. பெரும்பாலானவை வெறும் எழுத்துப்பிழைகளே. கண்டறிதற் கலையின் நோய் இங்கேதான் இருக்கின்றது. ஒரு வலையமைப்பில் நாளொன்றுக்கு 10 இலட்சம் செயல்கள் நிகழ்வதாகக் கொள்வோம். அவற்றுள் 20 மட்டும் தீயவை எனக் கொள்வோம். நம் காவற்பொறி தீயவற்றில் ஒன்றையும் தவறவிடாது. நல்லவற்றுள் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தீயதென மயங்கும். மிக நல்ல பொறி என்றே நாம் சொல்வோம். ஆயினும் நாள் முடிவில் காவலன் முன்னே ஏறக்குறைய 10,000 பொய் எச்சரிக்கைகளின் நடுவே அந்த 20 மெய்யெச்சரிக்கைகளும் கிடக்கும். ஐந்நூறில் ஒன்றே மெய். மூன்றாம் நாள் காவலன் மணியோசையைக் கேட்பதையே விட்டுவிடுவான். 1999இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்டெபான் அக்செல்சன் இவ்வுண்மையை எண்கணக்காலே நிறுவினார்.

போலியின் அருமை இக்கணக்கிலிருந்தே விளங்கும். மெய்யான வாயிலிலே நல்லோர் இலட்சம் பேர் வருவர். அவர்களிடையே கள்வனைத் தேட வேண்டும். பொய்யான வாயிலிலோ நல்லோர் வருவதற்குக் காரணமே இல்லை. வழிதவறிய ஒரு சிலரை நீக்கினால், வந்தவரெல்லாம் ஐயத்திற்குரியர். ஆகவே போலி என்பது கள்வனை ஏமாற்றும் விளையாட்டு மட்டுமன்று. காவலனின் செவியை மீட்டுக்கொடுக்கும் கருவி. இதனைத் தெரிந்தோ தெரியாமலோ ஸ்டோல் 1987இலேயே செய்துகாட்டிவிட்டார்.

அவர்க்குப் பின் இத்துறையிலே பெயர்பெற்ற நிகழ்ச்சி 1991 ஜனவரியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே நடந்தது. அதன் வாயிற்கணினியைக் காத்த பில் செஸ்விக், பழைய ஓட்டையொன்றின் வழியாகக் கடவுச்சொற் கோப்பைக் களவாட எவனோ முயல்வதைக் கண்டார். ஓட்டை உண்மையில் அடைக்கப்பட்டிருந்தது. கொடுத்துத்தான் பார்ப்போமே என்று பொய்க்கோப்பொன்றை அனுப்பிவைத்தார். பின்னர், வந்தவன் இடும் கட்டளைகளுக்குக் கணினி விடைகொடுப்பதுபோலத் தாமே கையால் விடையெழுதி அனுப்பினார். மனிதன் கணினியாக நடித்த அந்த நாடகத்தில், விடை தாமதமாவதற்குக் காரணம் வேண்டுமன்றோ? மிக மெதுவான, பராமரிப்பில்லாத கணினி இது என்று அவனை நம்பவைத்தார். அவன் பொறுமையோடு காத்திருந்தான். சலிப்புற்றபோது எல்லாக் கோப்புக்களையும் அழிக்குமாறு கட்டளையிட்டான். இல்லாத கணினியில் அழிப்பதற்கு என்ன இருந்தது!

அதன்பின் செஸ்விக், மெய்க்கணினிக்குள்ளே சுவர்களால் அடைத்த ‘சிறை’ ஒன்றை அமைத்து அவனை அதிலே உலாவவிட்டார். ஐயம் தோன்றாவண்ணம் சிறையை அமைப்பது மிகக் கடினம் என்பதையும் ஒளியாது எழுதியுள்ளார். தடம் நெதர்லாந்திற்குச் சென்றது. பிறர் கணினியுட் புகுவது அந்நாட்டிலே அக்காலத்திற் குற்றமன்று. அதற்கான சட்டம் 1993இலேதான் வந்தது. ஆள் அகப்பட்டும் தண்டிக்க வழியில்லை. ஆயினும் செஸ்விக் அடைந்த பயன் சிறியதன்று. கள்வர் எவ்வழி வருகின்றனர், வந்ததும் முதலில் எதைத் தொடுகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பனவற்றை அவர்களுடைய கையாலேயே எழுதி வாங்கினார்.

1999இல் லான்ஸ் ஸ்பிட்ஸ்னர் முதலியோர் தொடங்கிய தேன்குட வலையமைப்புத் திட்டம் இதனை ஊர்கூடிச் செய்யும் தொழிலாக்கிற்று. ஒரு கணினிக்குப் பதிலாக முழு வலையமைப்பையே போலியாக நிறுவி, அதிலே பதிந்தவற்றை எல்லோரும் அறிய வெளியிட்டனர். 2008 நவம்பரில் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளைப் பற்றிய கான்பிக்கர் என்னும் புழுநிரலை, அது கிளம்பிய தொடக்க நாள்களிலேயே எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தார் தமது தேன்குடங்களிற் பிடித்துவிட்டனர். டெனிங் அம்மையார் இயல்பினின்று விலகுதலைப் பற்றி எழுதியதும் அந்நிறுவனத்திலேயே என்பதை முன்னர்க் கூறினேன்.

பார்வை வைப்போர்க்குரிய இடர்களும் உண்டு. புகுந்தவன் போலியைப் படிக்கட்டாகக் கொண்டு அயலாரைத் தாக்கினால் பழி வைத்தவர்க்கே வரும். ஆதலின் உள்ளே வரும் வாயில் அகன்றும் வெளியே போகும் வாயில் ஒடுங்கியும் இருக்க வேண்டும். முற்றாக அடைத்தாலோ வந்தவன் ஐயுறுவான். ஒருவனைக் குற்றத்திற்குத் தூண்டிவிட்டுப் பிடிப்பது நீதியோ என்று சட்டவாணர் வினவுவர். வீதியிற் போவோரை அழைக்காது, ஏற்கெனவே மதிலேறிக் குதித்தவன் முன்னே மட்டும் பெட்டியை வைப்பதே தக்கது என்பது என் கருத்து. ஸ்டோலின் கோப்புக்கள் அத்தகையனவே; அவற்றை அடையுமுன்பே ஹெஸ் பல பூட்டுக்களை உடைத்திருந்தான்.

ஸ்டோல் தொலையச்சுப் பொறிகளைச் சுமந்து திரிந்த அதே லோரன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில் 1995இல் வேர்ன் பக்சன் என்பார் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். வலையமைப்பின் கம்பியிலே செல்லும் யாவற்றையும் புறத்தே நின்று கேட்டு, தகாதவற்றை அறிவிப்பது அது. 50 பொறிகளும் ஒரு மனிதனும் செய்ததனை அது தனியே செய்தது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘ப்ரோ’. ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய ‘1984’ என்னும் நாவலிலே எந்நேரமும் எல்லோரையும் கண்காணிக்கும் ‘பெரியண்ண’னை நினைவூட்டும் பெயர் அது. கள்வனைக் காண வைத்த கண் வீட்டாரையும் காணும் என்பதை அதனை இயக்குவோர் மறவாதிருத்தற்கென்றே அப்பெயரைத் தேர்ந்ததாக அவர் கூறியுள்ளார். 2018இல் அந்நிரலின் பெயரை ‘சீக்’ என்று மாற்றினர்; ப்ரோ என்னும் சொல் அமெரிக்க வழக்கிலே வேறு பொருள் ஏறிக் கெட்டுப்போயிற்றாம். பெயர் மாறியதேயன்றி நிரல் மாறவில்லை. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் அது இன்றும் கம்பியருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றது.